அகழ்வில் கிடைக்கும் பழங்காசுகள்: பதிவு செய்தலும் புகைப்படம் எடுத்தலும்

அகழ்வாராய்ச்சியில் கிடைக்கும் பொருள்களுள் காசைப் போல அளவிற் சிறியதும் செய்தியிற் பெரியதுமான பொருள் வேறொன்று இல்லை எனலாம். விரல் நகத்தளவே உள்ள ஒரு செப்புத் துண்டு, ஓர் அரசனின் பெயரையோ, ஒரு குலத்தின் சின்னத்தையோ, தொலைநாட்டு வாணிகத்தின் சுவட்டையோ தாங்கி நிற்கக்கூடும். ஆயினும் அச்செய்தியில் ஒரு பாதியே காசின்மேல் உள்ளது. மற்றப் பாதி அக்காசு கிடந்த மண்ணில் உள்ளது. காசைப் பத்திரமாக எடுத்துவைத்து, அது கிடந்த இடத்தைக் குறிக்கத் தவறினால் அந்த மறுபாதி என்றென்றைக்கும் இழக்கப்படுகிறது. அகழ்ந்த மண்ணை மறுமுறை அகழ இயலாது.

ஆகவே, காசுகளைப் பதிவு செய்வதும் புகைப்படம் எடுப்பதும் ஆராய்ச்சி முடிந்தபின் அலுவலகத்தில் அமர்ந்து செய்யும் வேலை அன்று. ஆராய்ச்சியின் உயிரான பகுதியே அதுதான். அப்பணியின் முறைகளும், அவற்றின் காரணங்களும் இங்கு விளக்கப்படுகின்றன.

காசும் மண்ணடுக்கும்

இன்று பாகிஸ்தானத்தில் உள்ள தட்சசீலத்தில், ஸர் ஜான் மார்ஷலின் தலைமையில் 1913 முதல் 1934 வரை அகழ்வாராய்ச்சி நடைபெற்றது. அங்குள்ள பீர் மேட்டில் 1924-இல் ஒரு புதையல் வெளிப்பட்டது. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட முத்திரை குத்திய வெள்ளிக் காசுகள் இருந்தன. இவ்வகைக் காசுகளில் எழுத்து இல்லை, ஆண்டு இல்லை, அரசன் பெயரும் இல்லை. சூரியன், மலை, மரம், யானை போன்ற சின்னங்கள் மட்டுமே தனித்தனி முத்திரைகளாகக் குத்தப்பட்டிருக்கும். இத்தகைய காசுகள் மட்டுமே கிடைத்திருப்பின், புதையலின் காலத்தைத் துணிவது அரிதாகியிருக்கும். ஆனால் அவற்றோடு மாசிடோனிய அரசன் அலெக்சாந்தரின் காசுகள் இரண்டும், அவனுக்குப்பின் அரசேற்ற பிலிப்பு அரிடேயசின் காசு ஒன்றும் கலந்திருந்தன. அரிடேயஸ் கி.மு. 323-இல் பட்டம் பெற்று, கி.மு. 317 வரை அரசனாக இருந்தவன். ஆகவே இப்புதையல் கி.மு. 323-க்கு முன்னர் மண்ணுள் வைக்கப்பட்டிருக்க முடியாது என்பது தெளிவாயிற்று.

மூன்று கிரேக்கக் காசுகளும் ஆயிரம் இந்தியக் காசுகளும் ஒரே புதையலில் கிடந்தன என்ற பதிவே இம்முடிவுக்கு ஆதாரம். அழகு மிகுந்தவை என்று கருதி அம்மூன்றையும் யாரேனும் தனியே பிரித்து வைத்திருப்பின், எஞ்சிய ஆயிரமும் காலம் அறியப்படாத வெள்ளித் துண்டுகளாக நின்றிருக்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு காசு, தான் கிடக்கும் மண்ணடுக்கின் முன்னெல்லையை மட்டுமே காட்டும்; பின்னெல்லையைக் காட்டாது. அதாவது, அக்காசு அடிக்கப்பட்ட காலத்துக்கு முன் அவ்வடுக்கு உருவாகியிருக்க முடியாது என்று கூறலாம். எவ்வளவு காலத்துக்குப்பின் உருவாயிற்று என்பதைக் காசு மட்டும் கூறாது. முத்திரைக் காசுகள் மௌரியர் காலத்துக்குப் பின்னரும் நெடுங்காலம் மக்கள் கையில் புழங்கின. மேலும், எலிவளை, மரவேர், பிற்காலத்தில் தோண்டிய குப்பைக்குழி ஆகியவற்றின் வழியாகப் புதிய காசு பழைய அடுக்குக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. கருநாடகத்துச் சந்திரவள்ளியில் 1947-இல் நடந்த அகழ்வில் ரோமப் பேரரசன் திபேரியசின் வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. அவன் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவன். இத்தகைய காசு காலக்கணிப்புக்குப் பயன்பட வேண்டுமாயின், அது எந்த அடுக்கில், எவ்வகை மட்பாண்டங்களோடு, கலைவுறாத மண்ணில் கிடந்ததா என்பவை ஐயமின்றித் தெரிந்திருத்தல் வேண்டும்.

அகழ்குழியில் செய்ய வேண்டுவன

காசு கண்ணிற் பட்டவுடன் கை அதை எடுக்க விரைவது இயல்பு. அவ்விரைவை அடக்குவதே களப்பணியின் முதற்பாடம். காசு கிடந்த நிலையிலேயே, அருகில் அளவுகோலும் வடக்குத்திசை காட்டும் அம்புக்குறியும் வைத்துப் புகைப்படம் எடுக்க வேண்டும். அகழ்குழியின் எண், மண்ணடுக்கின் எண், குழியின் இரு பக்கங்களிலிருந்து உள்ள தூரம், ஆழம், நாள் ஆகியவற்றை அவ்விடத்திலேயே எழுத வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதிக்கொள்ளலாம் என்று விடுவது பிழைக்கு வித்திடுவதாகும்.

பின்னர்க் காசை ஒரு சிறு உறையில் இடவேண்டும். ஓர் உறையில் ஒரு காசே இருத்தல் வேண்டும். உறையின்மேல் எழுதிய விவரத்தையே ஒரு துண்டுச்சீட்டில் எழுதி உள்ளேயும் வைத்தல் நன்று; மேலெழுத்து அழிந்தாலும் உட்சீட்டு காக்கும். காசின்மேல் எதையும் எழுதுதல் கூடாது. ஒரு முறை கொடுத்த எண்ணை மற்றொரு பொருளுக்குக் கொடுக்கலாகாது. காசு என்று பதிந்த ஒன்று பின்னர் வெறும் தகட்டுத் துண்டு என்று தெரிந்தாலும், அவ்வெண்ணுக்கு நேரே அவ்வுண்மையை எழுதி, எண்ணை அப்படியே விட்டுவிட வேண்டும்.

சிறிய செப்புக் காசுகளும் ஈயக் காசுகளும் மண்கட்டியின் நிறத்தையே பெற்றிருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒவ்வோர் அடுக்கின் மண்ணையும் தனித்தனியே சல்லடையில் சலித்தால் இவை கிடைக்கும். அவ்வாறு கிடைத்தவற்றின் உறையில் ‘சலிப்பில் கிடைத்தது’ என்று எழுத வேண்டும். அவற்றின் அடுக்கு தெரியும். துல்லியமான இடம் தெரியாது. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துக் காட்டுவதே நல்ல பதிவின் இலக்கணம்.

கலயத்தில் காசுகள் கிடைப்பின் அங்கேயே கொட்டிப் பார்த்தல் தகாது. கலயத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு பெயர்த்து, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காசுகள் எந்த வரிசையில் இடப்பட்டன, துணியில் முடிந்து வைக்கப்பட்டனவா என்பவை அங்கே மெல்லப் பிரிக்கும்போதுதான் புலனாகும். ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய காசுகளையும் எக்ஸ்-கதிர்ப் படத்தின் உதவியால் பிரிக்காமலே எண்ணவும், சில வேளை இனம் காணவும் இன்று இயலும்.

காசோடு தொடர்புடைய பிற பொருள்களும் காசுக்கு நிகரான மதிப்புடையவை. அரியானா மாநிலத்து ரோத்தக் நகருக்கு அருகிலுள்ள கோக்ராக்கோட்டு மேட்டில், 1936-இல் களிமண் துண்டுகள் ஏராளமாகக் கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் சிறப்பை உணர்ந்து ஆராய்ந்தவர் தொல்தாவரங்களை ஆராய்ந்த விஞ்ஞானி பீர்பல் சாஹ்னி. அத்துண்டுகள் யௌதேயர் என்ற குடியினர் காசு வார்ப்பதற்குப் பயன்படுத்திய அச்சுகள் என்பதை அவர் விளக்கி, பண்டைய இந்தியாவில் காசு வார்த்த முறையைப் பற்றி 1945-இல் ஒரு நூல் வெளியிட்டார். உருகிய உலோகம் எவ்வழியே ஓடி அச்சுக்குழிகளை நிரப்பியது என்பதும் அத்துண்டுகளிலிருந்தே தெரியவந்தது. வெறும் ஓட்டாஞ்சில்லு என்று அவற்றை ஒதுக்கியிருந்தால், ஒரு நாணயச்சாலையின் வரலாறே மறைந்துபோயிருக்கும்.

எடை கூறும் வரலாறு

பதிவேட்டில் மிகவும் சலிப்பூட்டும் பகுதி எடையைக் குறித்தலாகும். ஆயிரம் காசுகளைத் தனித்தனியே நிறுத்து எழுதுவதால் பயன் என்ன என்ற ஐயம் ஊழியர்களுக்கு எழக்கூடும். அதற்குத் தட்சசீலத்துக் காசுகளே விடை தருகின்றன.

அக்காசுகளின் விவரங்களை வால்ஷ் என்ற அறிஞர் தொகுத்தார். அத்தொகுப்பு 1939-இல் இந்தியத் தொல்பொருள் இலாகாவின் வெளியீடாக வந்தது. காசுகளின் முத்திரைகளும் எடைகளும் அதில் பட்டியலாகத் தரப்பட்டிருந்தன. கணித அறிஞரான தாமோதர் தர்மானந்த கோசாம்பி (1907–1966) அவ்வெடைகளைப் புள்ளியியல் முறையில் ஆராயத் தொடங்கினார். நாணயம் கைமாறுந்தோறும் சிறிது தேய்கிறது. எல்லாக் காசுகளும் ஒரே அளவாகத் தேய்வதில்லை. எனவே, ஒரு காசுத் தொகுதி புழக்கத்தில் இருந்த காலம் மிகுந்தோறும் அதன் சராசரி எடை குறையும். எடைகளுக்கிடையே உள்ள வேறுபாடு பெருகும். தம் காலத்தில் வழங்கிய நாணயங்களையே எடைபோட்டுப் பார்த்து இதனை அவர் உறுதிப்படுத்திக்கொண்டார்.

முத்திரைக் காசுகளின் முன்பக்கத்தில் பெரும்பாலும் ஐந்து பெரிய முத்திரைகள் இருக்கும். பின்பக்கத்தில் சிறு குறிகள் ஒன்றோ பலவோ காணப்படும். சிலவற்றில் ஒன்றும் இராது. பின்பக்கக் குறிகள் மிகுந்தோறும் சராசரி எடை குறைவதைக் கோசாம்பி கண்டார். அக்குறிகள் காசு புழக்கத்தில் இருந்தபோது அவ்வப்போது இடப்பட்டவை என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. எழுத்தும் ஆண்டும் இல்லாத காசுகளை முற்பட்டவை, பிற்பட்டவை என்று வரிசைப்படுத்த ஒரு வழி பிறந்தது.

காசுகளைத் தராசில் வைத்தவர்களுக்கு இப்படியொரு பயன் விளையும் என்பது தெரிந்திராது. பதிவு செய்பவர் தமக்குத் தெரிந்த வினாக்களுக்கு மட்டும் விடை எழுதிவைத்தல் போதாது. பின்வருவோர் எழுப்பக்கூடிய வினாக்களுக்கும் இடம் வைத்தல் வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

துலக்குவதால் வரும் கேடு

மண்ணிலிருந்து வந்த காசைப் புளி, சாம்பல், எலுமிச்சஞ்சாறு முதலியவற்றால் துலக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. பளபளப்பு வருகிறது, செய்தி போய்விடுகிறது. செப்புக் காசின்மேல் படிந்துள்ள களிம்பு, உலோகமே மாறி உண்டான படலமாகும். தேய்ந்த எழுத்தின் வடிவம் பல வேளைகளில் அப்படலத்தில்தான் நிலைத்திருக்கும். அமிலம் படலத்தைக் கரைக்கும்போது எழுத்தும் உடன் கரைகிறது. எடையும் குறைந்துவிடுவதால், மேலே கூறிய ஆராய்ச்சிக்கும் அக்காசு பயன்படாமற் போகிறது.

ஆதலால் களத்தில் உள்ளவர் மெல்லிய தூரிகையால் தளர்ந்த மண்ணை அகற்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எஞ்சிய துப்புரவு, பயிற்சிபெற்ற இரசாயன நிபுணரின் பொறுப்பாகும். துப்புரவுக்கு முன்னும் பின்னும் எடையையும் படத்தையும் பதிதல் வேண்டும்.

விவரப் பதிவின் உறுப்புகள்

ஒவ்வொரு காசுக்கும் பின்வரும் விவரங்கள் எழுதப்படுதல் வேண்டும்: பதிவெண், அகழ்விடம், குழி, அடுக்கு, ஆழம், கிடைத்த நாள், உலோகம், எடை, கிராமில் இரண்டு தசமத்தானம் வரை, விட்டம், மில்லிமீட்டரில், வட்டம், சதுரம் முதலிய வடிவம், முத்திரை குத்தியதா, வார்த்ததா, அச்சில் அடித்ததா என்ற செய்முறை, முன்பக்கத் தோற்றம், பின்பக்கத் தோற்றம், எழுத்தும் மொழியும், தேய்வின் அளவு, உடன் கிடைத்த பொருள்கள், படத்தின் எண், இப்போது வைக்கப்பட்டுள்ள இடம்.

உலோகத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து எழுதும்போது ‘பார்வைக்குச் செம்பு’ என்றே எழுத வேண்டும். காசைச் சிதைக்காமல் எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையால் உலோகக் கலவையை அறியும் வசதி இப்போது உண்டு. எனினும், அம்முறை மேற்பரப்பையே பெரிதும் அளப்பதால், களிம்பேறிய காசில் முடிவுகளை எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும்.

அச்சில் அடித்த காசுகளில் மற்றொரு விவரமும் தேவை. முன்பக்க உருவத்தை நிமிர்ந்த நிலையில் பிடித்து, காசைப் பக்கவாட்டில் திருப்பினால், பின்பக்க உருவத்தின் தலை எத்திசையில் நிற்கிறது என்பதைக் கடிகார முகத்தின் மணியெண்ணால் குறிப்பர். தலை மேல்நோக்கின் 12, கீழ்நோக்கின் 6. ஒரு நாணயச்சாலையின் வழக்கத்தை இச்சிறு குறிப்பு வெளிப்படுத்தக்கூடும்.

எழுத்துகளைப் படியெடுக்கையில் காணப்படுவதையே எழுத வேண்டும். தெளிவான எழுத்து, ஐயத்துக்குரிய எழுத்து, அழிந்த எழுத்து ஆகிய மூன்றையும் வெவ்வேறு குறியீடுகளால் காட்ட வேண்டும். ஊகித்து நிரப்பிய எழுத்தை அடைப்புக்குள் இடவேண்டும். ஒரு பக்கம் கிரேக்க எழுத்தும் மறுபக்கம் கரோஷ்டி எழுத்தும் கொண்ட காசுகளே, 1830-களில் ஜேம்ஸ் பிரின்செப் முதலிய அறிஞர்கள் கரோஷ்டியைப் படித்தறியத் திறவுகோலாயின என்பதை நினைவிற்கொண்டால், ஒவ்வொரு கோட்டின் அருமையும் விளங்கும்.

பதிவின் வடிவத்தைக் காட்டுதற்பொருட்டு ஒரு கற்பனைப் பதிவு கீழே தரப்படுகிறது:

பதிவெண் 47. குழி அ-3, அடுக்கு 5, ஆழம் 1.82 மீட்டர். பார்வைக்கு வெள்ளி. எடை 3.21 கிராம், துலக்கப்படவில்லை. நீளம் 17, அகலம் 13 மி.மீ. ஒழுங்கற்ற நாற்கோணம், ஒரு மூலை வெட்டப்பட்டது. முத்திரை குத்தியது. முன்பக்கம்: ஐந்து முத்திரைகள், சூரியன், மலை, காளை தெளிவு, இரண்டு மங்கல். பின்பக்கம்: இரண்டு சிறு குறிகள். தேய்வு மிதம். உடன் கிடைத்தவை: கருநிறப் பானையோடுகள். அடுக்கு கலைவுறாதது. படங்கள் 47-1 முதல் 47-6 வரை.

புகைப்படக் கலை

காசின் உருவங்கள் மேடும் பள்ளமுமாக அமைந்தவை. நேர்முன்னிருந்து வரும் ஒளி அவற்றைத் தட்டையாக்கிவிடும். சாய்வாக வரும் ஒளி நிழலை உண்டாக்கி அவற்றை எழுப்பிக் காட்டும். ஒளி படத்தின் மேல் இடப்புறத்திலிருந்து வருவது மரபு. ஒளி கீழிருந்து வந்தால் கண் மயங்கி, மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் காணும். ஒளிக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழலின் கடுமை தணியும். மின்விளக்கு இல்லாத முகாமில், நேர்வெயில் படாத சன்னலருகில் பக்கவாட்டு ஒளி போதுமானது.

வெள்ளிக் காசின் பளபளப்பு படத்தைக் கெடுக்கும். அதற்காகக் காசின்மேல் சுண்ணப்பொடியோ வேறு பூச்சோ இடுதல் தவறு. விளக்குக்கும் காசுக்கும் இடையே மெல்லிய வெண்தாளை நிறுத்தி ஒளியைப் பரப்ப வேண்டும். முற்காலத்தில் காசுகளைச் சுண்ணச் சாந்தில் பதித்து, அப்படிவங்களைப் படமெடுக்கும் வழக்கமும் இருந்தது. படிவத்தில் பளபளப்பு இராது; எனினும் காசின் நிறமும் களிம்பின் தன்மையும் அதில் தெரியா.

காசைத் தாளின்மேல் நேரே வைத்தால் விளிம்பின் நிழல் உருவத்தோடு கலந்துவிடும். ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் காசை வைத்து, சில அங்குலம் கீழே வெண்மையான அல்லது சாம்பல் நிறத் தாளை விரித்தால் நிழல் விலகி, காசின் ஓரம் தெளிவாகும். கேமரா காசுக்கு நேர் மேலே, சாய்வின்றி நிற்க வேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: காசின் இடத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடியை வைத்துக் கேமராவில் பார்த்தால், லென்சின் பிம்பம் படத்தின் நடுவில் தெரிய வேண்டும். அளவுகோல் காசின் மேற்பரப்புக்குச் சமமான உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்து கிடந்தால் அளவு பிழையாகும். அண்மைப் படத்துக்குரிய லென்சும், எஃப் 8 முதல் எஃப் 11 வரையிலான துளையளவும் பெரும்பாலும் ஏற்றவை. கை நடுக்கம் படாதிருக்கத் தாங்கியும், தானியங்கு விசையும் வேண்டும்.

முத்திரைக் காசுகளுக்கு ஒரு படம் போதாது. ஒளி வரும் திசையிலேயே செல்லும் கோடு நிழல் தராமல் மறைந்துவிடும். ஒளியை இரண்டு மூன்று திசைகளிலிருந்து மாற்றி மாற்றி எடுத்தால், ஒன்றில் மறைந்த குறி மற்றொன்றில் தோன்றும். கேமராவை அசைக்காமல், பல திசை ஒளியில் எடுத்த படங்களைக் கணிப்பொறியில் இணைத்து, ஒளியை விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கும் முறை 2001-இல் வெளியிடப்பட்டது. தேய்ந்த எழுத்துகளைப் படிப்பதற்கு இம்முறை பெரிதும் உதவுகிறது.

படக்கோப்பின் பெயரும் பதிவெண்ணும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். மூலக்கோப்பைத் திருத்தாமல் வைத்து, பிரதியில் மட்டும் வெளிச்சத்தைச் சரிசெய்யலாம். காணாத கோட்டைக் காணுமாறு தீட்டுதல் சான்றைப் பொய்யாக்குவதாகும். கோப்புகளின் பிரதிகள் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் இருத்தல் நலம்.

பாதுகாப்பு

பதிவு முடிந்த காசும் அழியக்கூடியதே. செப்புக் காசில் வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகத் தோன்றினால் அது நோயின் அறிகுறி. மண்ணிலிருந்து ஏறிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடும் பிராணவாயுவோடும் சேர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டே செல்லும். அக்காசை உடனே பிரித்து, ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு உலர்ந்த டப்பாவில் மூடி, நிபுணருக்கு அறிவிக்க வேண்டும். ஈயக் காசுகளை மரப்பெட்டியில் வைத்தலாகாது. மரத்திலிருந்து எழும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கும். சாதவாகனரின் ஈயக் காசுகளைக் காப்போர் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். வெள்ளிக் காசுகளை ரப்பர் வளையத்தால் கட்டினால் கந்தகத்தால் கறுக்கும். பி.வி.சி. உறைகளும் காலப்போக்கில் அமிலம் கக்குவதால் தவிர்க்கத்தக்கவை.

பள்ளியும் பழங்காசும்

உழவின்போதும் கிணறு வெட்டும்போதும் கிடைக்கும் காசுகள் பல வேளைகளில் முதலில் வந்து சேர்வது பள்ளி ஆசிரியரிடமே. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்டக் கலெக்டருக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். இதனை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைப்பது ஆசிரியரின் தொண்டாகும். காசைத் துலக்க வேண்டாம், பங்கிட வேண்டாம், கிடைத்த இடத்தை மேலும் தோண்ட வேண்டாம் என்ற மூன்றையும் வற்புறுத்த வேண்டும். எந்த வயல், எவ்வளவு ஆழம், உடன் என்ன கிடைத்தது என்பவற்றை அன்றே எழுதி வாங்குதல் வேண்டும்.

வகுப்பில் ஒரு சோதனையும் செய்யலாம். ஒரே மதிப்பும் ஒரே வகையும் உள்ள நடப்பு நாணயங்களை அச்சிட்ட ஆண்டுவாரியாகப் பிரித்து, இரசாயனத் தராசில் நிறுத்துச் சராசரி காணுமாறு மாணவர்களைப் பணிக்கலாம். இக்கால உருக்கு நாணயம் வெள்ளியைப் போல எளிதில் தேயாது. ஆதலால் வேறுபாடு சிறிதாகவே இருக்கலாம். ஆயினும், அளந்ததை அளந்தவாறே எழுதும் ஒழுங்கு அதனால் கைவரும். பின்னர் ஒரு நாணயத்தைச் சாய்ந்த ஒளியிலும் நேரொளியிலும் படமெடுத்து ஒப்பிடச் செய்தால், நிழலின் பயன் சொல்லாமலே விளங்கும்.

காசுகள் பொருட்காட்சிசாலைக்குச் சென்றுவிடும், அகழ்குழி மூடப்பட்டுவிடும், அகழ்ந்தவர்களும் வேறு பணிக்குச் செல்வர். அதன்பின் அவ்விடத்தைப் பற்றிக் கேட்போருக்கு விடை கூற எஞ்சியிருப்பது பதிவேடும் படமுமே. ஆதலால் அவற்றில் ஒரு வரியும் விடுபடாமல் எழுதுதல், அகழ்பவரின் கடமைகளுள் முதன்மையானதாகும்.